நோவை யாரிடம் சொல்வது

அபுல் ஹஸன் ஹாஜியார் முகாமையாளராக இருந்த பதினொரு வருடமும், கல்முனை நீலக்கரை உதைபந்தாட்டக் கழகத்தில் நோவு வந்தால் ஒரே வழிதான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீரன் அணித் தலைவனிடம் சொல்லுவான். ஹாஜியாரின் காதில் போடுவதா, அமுக்கிவிடுவதா என்று தலைவன் முடிவெடுப்பான். நேரே போய்ச் சொன்னவனைக் கோள்மூட்டி என்று ஒதுக்கிவைத்தார்கள். ஹாஜியார் விலகியதும் மட்டக்களப்பிலிருந்து வந்த பயிற்றுவிப்பாளர் குணம் முதல் நாளே, "நோவு எண்டா நேரா என்னட்டச் சொல்லணும்" என்றார். எல்லாரும் நன்றாகத் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

அதில் பெரிய கள்ளன் தலைவன் பர்ஸான்தான். இரண்டு கிழமையாக அவனுடைய வலது முழங்கால் வீங்கிக் கிடந்தது. காலுறைக்குள் துணி சுற்றி மறைத்திருந்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வேறு. முப்பத்திரண்டு வயதில் ஒரு தடவை வெளியே உட்கார்ந்தால் அந்த இடம் போனது போனதுதான். புதிதாக வந்தவர் பழைய தலைவனை மாற்றக் காரணம் தேடாமலா இருப்பார்? இந்தப் பயத்தில் அவனுக்குச் சோறும் இறங்கவில்லை.

கொழும்பு அணியுடன் ஆட்டம் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கையில், குணம் பெயர்ப்பட்டியலோடு உடைமாற்றும் அறைக்குள் வந்தார்.

"ஆருக்கும் நோவு இரிக்கா?"

அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் பர்ஸானைப் பார்த்தார்கள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல சேர்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, முன்கள வீரன் ஸாஜித் எழும்பினான். "எனக்குக் கணுக்கால் சரியில்ல சேர். இண்டைக்கு ஓட ஏலா."

முந்தாநாள் பள்ளிவாசல் படியில் வைத்து ஸாஜித் பர்ஸானிடம் காட்டிய அதே கணுக்கால்.

"கெப்டனுக்குத் தெரியுமா?" என்றார் குணம்.

ஸாஜித் பர்ஸானின் முகத்தைப் பார்த்தான். "இல்ல சேர். பர்ஸான் நானாக்குத் தெரியா."

தப்பினோம் என்ற நிம்மதி பர்ஸானுக்கு ஒரு மூச்சுக்குத்தான் நின்றது. கால் வலியோடு நிற்கிறவன் தனக்காகப் பொய்யும் சொல்ல வேண்டுமா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எனக்குத் தெரியும் சேர். நாந்தான் மறைச்சது. என்ட முழங்காலும் வீங்கிக் கிடக்கு."

குணம் ஏசவில்லை. பட்டியலில் இரண்டு பெயரையும் வெட்டினார். பர்ஸான் தலைவனின் கைப்பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"வேற ஆருக்கு?"

ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. அப்படியே ஐந்து கைகள். பர்ஸான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஐந்து பேரும் ஏற்கெனவே அவனிடம் வந்து சொன்னவர்கள். ஐந்து பேரையும் அவன் முதுகில் தட்டி, "சமாளி மச்சான்" என்றுதான் அனுப்பியிருந்தான்.