தொபியாஸை விற்பதற்கு முன்

எங்கள் ஊரில் கடலுக்குள் இறங்கிய கணவனுக்கு மேலே வரப் பிடிக்காமல் போனால், அவன் தன் முக்குளிப்புச் சாதனங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவைப்பான். சிலிண்டர், மிதவைச் சட்டை, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர், கண்ணாடி, காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகள் ஆகிய ஐந்தும் சேர்ந்தால் கணவன் என்பது நகராட்சியின் கணக்கு. தொபியாஸ் சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்படித்தான் வந்துசேர்ந்தான். கடற்கரைச் சாலையில் துடுப்புகள் பட்பட்டென்று அடிக்க நடந்துவந்து, கூடம் முழுவதும் சொட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் தரையைத் துடைத்தேன். பதினோரு ஆண்டுகளாகப் பழகிய வேலை.

உடம்போடு இருந்த தொபியாஸுக்கும் இந்தத் தொபியாஸுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவனிடம் இருந்த இரண்டு கோளாறுகளும் ரெகுலேட்டரில் அப்படியே இருந்தன. கோபம் வந்தால் வால்வு தானாகத் திறந்துகொண்டு காற்றைக் கொட்டித் தீர்க்கும். தட்டில் இருக்கும் சோறு சுவரில் போய் ஒட்டும். ஏதாவது கேட்டால் அதே வால்வு இறுக ஒட்டிக்கொள்ளும். பிறகு நாள்கணக்கில் ஒரு மூச்சும் வராது. என் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது, "போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?" என்று கேட்டேன். ஒன்பது நாள் ஒட்டிக்கொண்டது. பத்தாவது நாள் அப்பாவுக்கு அடக்கம்.

ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் மனைவி விற்றுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த நாற்காலி காலியாக வேண்டும். விற்பதற்கு முன் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 'உள்ளது உள்ளபடி' என்று ஓர் அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டினால் சட்டத்துக்குப் போதும். ஊரில் எல்லாரும் அப்படித்தான் விற்கிறார்கள். வழக்கம் ஒன்றுதான் உண்டு. கொடுப்பவர், வாங்குபவரின் கண் எதிரே, ரெகுலேட்டரின் வாய்ப்பிடியைக் கவ்வி மூன்று முறை மூச்சிழுத்துக் காட்ட வேண்டும்.

கல்யாணத்துக்கும் அதே வழக்கம்தான். மாப்பிள்ளையின் ரெகுலேட்டரில் மாப்பிள்ளையின் தாய் மூச்சிழுத்துக் காட்டிய பிறகே பெண் கை நீட்ட வேண்டும். என் கல்யாணத்தில் பூசைக்கு நேரமாகிவிட்டது. பங்குச் சாமியாருக்கு அடுத்த ஊரில் வேறொரு கல்யாணம் இருந்தது. தொபியாஸின் தாய், என் மாமி, வாய்ப்பிடியைக் கவ்வாமலேயே கன்னங்களை உப்பிக் காட்டினார், எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் படம் ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மாமியின் கன்னங்கள் அதில் மிக அழகாக இருக்கின்றன.

தொபியாஸைப் பார்க்க வந்த பெண்ணின் பெயர் ஜெசிந்தா. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. வயது இருபத்தேழு.

"வாடகைக்கு வீடு கேட்டா, வீட்டுக்காரரு எங்கன்னு கேக்காவக்கா," என்றாள். "நாற்காலியில உக்கார ஒண்ணு வேணும். லீவு நாள்ல நானும் கடலுக்குள்ள எறங்கிப் பாக்கலாம். பதினெட்டு மீட்டர் வரைக்கும் போகப் படிச்சிருக்கேன்."

"நல்லது," என்றேன்.

"கடைசியா எப்பக்கா சர்வீஸ் பண்ணுனிய?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி அடுக்களையிலிருந்து வந்துவிட்டார். "எம் பிள்ளைக்கு எதுக்கும்மா சர்வீசு? ராசா கணக்கா உக்காந்திருக்கான், பாரு. முப்பது வருசம் எங்கிட்ட இருந்தான், ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்ல."

ஜெசிந்தா அவன் எதிரே உட்கார்ந்து, "வெயிலு சாஸ்தி, என்ன?" என்று கேட்டாள். வால்வு ஒட்டிக்கொண்டது. அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "வெக்கப்படுதாவ போல."

இருபத்தாறு வயதில் நானும் இதே சொற்களைச் சொல்லி, இதேபோல் வாயைப் பொத்திக்கொண்டேன். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அந்த வால்வு ஒட்டிக்கொண்டால் வெட்கம் என்று எடுத்துக்கொள்ள அவளுக்கு அவகாசம் இருக்காது. தொபியாஸின் கழுத்தில் எழுதி மாட்டியிருந்த அட்டையை எடுத்துக் கிழித்தேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

அவள் போனதும் மாமி பிடித்துக்கொண்டார். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? விக்கப்போற சாமான எவளாவது கழுவித் துடைச்சுக் குடுப்பாளா? உனக்குக் குடுக்கும்போது நாங்க சர்வீஸ் பண்ணியா குடுத்தோம்?"

"இல்லை மாமி. அதனாலதான்."

மெக்கானிக் கபிரியேலின் பட்டறை துறைமுக வாசலுக்கு எதிரே இருக்கிறது. பெஞ்சில் ஏழெட்டுக் கணவன்மார் சிலிண்டரோடு சிலிண்டர் சாய்ந்து வரிசைக்குக் காத்திருந்தார்கள். தொபியாஸ் கடைசியில் உட்காரச் சம்மதிக்காமல் காற்றைக் கொட்டினான். கபிரியேல் ஸ்பேனரோடு வந்து பிரதான வால்வை மூடிவிட்டு, ரெகுலேட்டரைத் திறந்து விளக்கடியில் பிடித்தார்.

"இத இதுக்கு முன்னாடி எவன் தொறந்தான் டீச்சர்?"

"யாரும் திறக்கவில்லை."

"நாப்பத்தொரு வருசமாவா?" அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். உப்பு. கொஞ்சம் மணல். வெடித்த ரப்பர் வளையங்கள் நான்கு. விறைத்துப்போன சவ்வு. அதற்குப் பின்னால், சிப்பிகளை அடுக்கியதுபோல், நான் கேட்ட கேள்விகள். பதினோரு ஆண்டுக் கேள்விகளும் கேட்ட வரிசையில் இருந்தன. 'போய்ப் பார்த்துவிட்டு வருவோமா' மட்டும் ஒன்பது இருந்தது. நான் தினமும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், எனக்கே மறந்துவிட்டது.

"இதுதான் அடைச்சிருக்கு," என்றார் கபிரியேல். "ஒண்ணு ரெண்டுக்காவது பதில் சொல்லி வெளிய தள்ளியிருந்தாம்னா வால்வு இந்த அளவுக்கு ஒட்டாது. பரவால்ல. எல்லாத்தையும் மாத்திருவோம்."

நான்கு நாளில் வேலை முடிந்தது. கழற்றிய பாகங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி என்னிடம் நீட்டினார். கழற்றியதை உரிமையாளரிடமே கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் நேர்மை. மாற்றாமலேயே மாற்றியதாகச் சொல்கிறவர்கள்தான் கொடுக்கமாட்டார்கள்.

"எனக்கு வேண்டாம். இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்."

"இங்க கெடந்தா எவனாவது எடுத்து எவனுக்காவது மாட்டிருவான் டீச்சர்," என்றார். "ஊருல பாதிப் பேருக்கு அப்படி மாட்டுனதுதான் ஓடிக்கிட்டிருக்கு."

பையை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை, தொபியாஸ் எனக்கு முன்பே எழுந்து கூடத்தைத் துடைத்து வைத்திருந்தான். நான் கல்லூரிக்குப் புறப்படும்போது, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டான். அடுக்களையில் மாமியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. மாலையில், தான் தின்ற தட்டைத் தானே கழுவினான். பிறகு, "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வருவமா?" என்றான்.

"செத்து ஏழு வருசம் ஆகிறது," என்றேன்.

ரெகுலேட்டர் ஒரு நீண்ட, சீரான மூச்சை விட்டது. ஒட்டவும் இல்லை, கொட்டவும் இல்லை. "நான் வந்திருக்கணும்," என்றான்.

மாமி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். "இப்பத்தான் மனுசனாயிட்டானே. வச்சுக்கோயேன்ட்டி. அந்தப் பிள்ளைக்கு வேற எதாச்சும் பாத்துக் குடு."

"எதைக் கொடுக்க? பட்டறை பெஞ்சில் இருக்கிறதில் ஒன்றையா?"

அன்றும் அடுத்த நாளும் தொபியாஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். நான் கேள்விகளைத் தேடித்தேடிக் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவனிடம் வழி கேட்பதைப்போல் முதலில் தயங்கினேன்; பிறகு தயக்கம் போய்விட்டது. நல்ல கணவனாகத்தான் இருந்தான். ஆனால் ஜெசிந்தாவிடம் சொல்லியாயிற்று. அவள் வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுவது பழைய தொபியாஸின் வழக்கம். அதை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் வந்தாள். வழக்கப்படி கூடத்தின் நடுவில் நின்று வாய்ப்பிடியைக் கவ்வினேன். பதினோரு ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. முதல் மூச்சு, கேட்பதற்கு முன்பே வந்தது. இரண்டாவதில் புது ரப்பரின் வாசம் மட்டும் இருந்தது. மூன்றாவது நெஞ்சின் அடிவரை போய், அங்கே சற்று நின்றது.

"மூணு ஆச்சுக்கா," என்றாள் ஜெசிந்தா.

நான் நான்காவதை இழுத்துக்கொண்டிருந்தேன். வாய்ப்பிடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவளிடம் கொடுத்தேன்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

இருவரும் தெருவில் இறங்கிப் போனார்கள். முனையில் வெயில் உறைக்கும் இடத்தில் தொபியாஸ் அவள் கையிலிருந்த குடையை வாங்கி அவளுக்குப் பிடித்தான். அவள் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். துடுப்புகளின் சத்தம் ஓயும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. அதை வெயிலில் போட்டுவிட்டு, குளித்துத் தலை துவட்டி, ஒரு மணிக்குச் சாப்பிட வந்தேன்.

மாமி நாற்காலியை எடுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டிருந்தார். அதன்மேல் இரண்டு தலையணைகள். தலையணைகளின்மேல் கபிரியேல் கொடுத்த பிளாஸ்டிக் பை, கட்டு அவிழ்ந்து, மேசை உயரத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் தட்டு. தட்டில் சோறும் சீலா மீன் குழம்பும். மாமி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து எனக்குப் போட்டுக்கொண்டேன். "போதுமா, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று பையைக் கேட்டேன். பை இறுகச் சுருங்கிக்கொண்டது.

சற்று நேரம் கழித்து, பையின் சுருக்கங்களில் இருந்த உப்பு தட்டில் உதிர்ந்தது. பை உப்பி, வாய் விரிந்து, தட்டிலிருந்த சோற்றைச் சுவரில் அடித்தது.

"கொழம்புல உப்பே இல்ல," என்றது.

உப்புச் சாடியை அந்தப் பக்கமாக நகர்த்திவைத்தேன்.