இரண்டு ஜார்ஜியாவும் ஓர் எருமையும்

யீவூ என்ற இந்தச் சீன நகரத்தில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி என்ன செய்தி வந்தாலும் அது எங்கள் மேசைக்கு வந்தே தீரும். வெள்ளிக்கிழமை மதியம், ஃபாங் அக்காவின் நூடுல்ஸ் கடை, வாசலை ஒட்டிய மேசை. சீனாவில் வெளிநாட்டுக்காரன் எவனாவது பண்ணிய கூத்தைப் பற்றி ஆளுக்கொரு செய்தி கொண்டுவர வேண்டும். யாருடையது ரொம்பக் கிறுக்கோ அவர்களுக்குத்தான் கொழுக்கட்டைத் தட்டின் கடைசித் துண்டு. அந்தத் துண்டுக்காக நாங்கள் போட்ட சண்டைகளை வெளியில் சொன்னால் மானம் போய்விடும்.

மேசையில் நாலு பேர். நான் திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பொத்தானும் ஜிப்பும் வாங்கி அனுப்புகிறவள். எஃபுவா கானாக்காரி, சவுரிமுடி வியாபாரம், வாய் நீளம். கால்வின் அமெரிக்கன், ஒரு ட்யூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். எங்களில் நல்ல சீனம் பேசுகிறவன் அவன்தான், அந்தத் திமிரும் உண்டு. நாலாவது ஆள் மல்காஸ். பிள்ளைகளுக்கு மல்யுத்தம் பழக்குகிறான், கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்குக் கிடையாது.

கால்வினும் ஜார்ஜியா, மல்காஸும் ஜார்ஜியா. ஒன்று அமெரிக்காவில் ஒரு மாநிலம், மற்றது ருஷ்யாவுக்குத் தெற்கே மலையடியில் ஒரு தனி நாடு. தமிழிலும் இங்கிலீஷிலும் இரண்டுக்கும் ஒரே பெயர். சீனர்கள் கெட்டிக்காரர்கள், இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ஜார்ஜியா 'ஸுவோஜீயா', மல்காஸின் ஜார்ஜியா 'கெலூஜீயா'. இது தெரியாமல் இந்தக் கதை புரியாது.

அந்த வெள்ளிக்கிழமை எஃபுவா செல்போனை மேசை நடுவில் வைத்தாள். "இன்னைக்குக் கடைசித் துண்டு எனக்குத்தான். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாருங்க."

வீடியோவில் எங்கள் காய்கறிச் சந்தை. லாரியிலிருந்து குதித்த எருமை ஒன்று தக்காளிக் கூடைகளைச் சிதறடித்துக்கொண்டு ஓடி வருகிறது. எதிரே ஒரு கிழவி, அவள் தள்ளிவரும் வண்டியில் குழந்தை. சட்டென்று ஒரு தடியன் குறுக்கே பாய்ந்து இரண்டு கொம்பையும் பிடிக்கிறான். எருமை அவனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. அவன் விடவில்லை. எருமையின் நெற்றியில் தன் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி பாட ஆரம்பிக்கிறான். நீட்டி இழுத்து, பாதி கெஞ்சலும் பாதி அதட்டலுமாக ஒரு பாட்டு. எருமை நின்று காதை ஆட்டுகிறது.

"டேய், இது நம்ம மல்காஸ்டா!" என்று நான் கத்தியதில் ஃபாங் அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் மேசைக்காரன் ஒருவன் இந்த மாதிரி ஒரு காரியம் பண்ணியிருக்கிறான், வந்து வாயைத் திறக்காமல் நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கிறான்!

"அந்த மூலையைப் பாருங்க," என்றாள் எஃபுவா. ஓரத்தில் முட்டைக்கோஸ் லாரி. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் முதுகைக் காட்டியபடி அதன் மேல் ஏறி, முட்டைக்கோஸ் குவியலின் உச்சியில் குந்தியிருக்கிறான். கோட்டுத் தொப்பியில் முகம் தெரியவில்லை. "உயரத்தைப் பாத்தா இவனும் நம்ம ஆளு மாதிரிதான் இருக்கான், வெளிநாட்டுக்காரன். எப்படி ஏறியிருக்கான் பாரு, குரங்கு தோத்துது! நாடே சிரிக்குது."

நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். கால்வின் மட்டும் மிளகாய் எண்ணெய்ச் சீசாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல, ஹாங்ஜோவுல இருந்தேன்," என்றான், யாரும் கேட்காமலே.

பிறகுதான் தலைப்பைப் படித்தோம். 'அமெரிக்க ஸுவோஜீயா நண்பர் கௌபாய் பாட்டுப் பாடி எருமையை அடக்கினார்.'

மல்காஸ் மேசையில் ஓங்கி அறைந்தான். கிண்ணங்கள் துள்ளின. "கௌபாய் பாட்டா? அது எங்க ஊர்ல ஏர் ஓட்டும்போது மாட்டுக்குப் பாடுறது! கௌபாயாம், கௌபாய்!"

நடந்தது இவ்வளவுதான். செய்திக்காரப் பெண் செல்போனை நீட்டி எந்த ஊர் என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். இவனும் இங்கிலீஷில் ஜார்ஜியா என்றிருக்கிறான். செல்போன் மொழிபெயர்த்து இவனை அமெரிக்காவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"வாப்பா, நம்ம ஊர்க்காரா!" என்று கால்வின் அவன் தோளில் தட்டினான். மல்காஸ் பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பி வந்தது.

மல்காஸ் சும்மா இருக்கவில்லை. வீடியோவுக்குக் கீழே 'நான் அமெரிக்கன் இல்லை' என்று எழுதினான். அமெரிக்கர்களுக்கு எவ்வளவு தன்னடக்கம் என்று ஆயிரம் பேர் பாராட்டினார்கள். தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் பண்ணினான். அவனுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு நடக்கிறது, அப்புறம் பேசலாம் என்றார்கள்.

இதற்கு நடுவில் கால்வினுடைய ட்யூஷன் சென்டர் முதலாளி ஷென் மல்காஸைத் தேடி வந்தார். எருமையை அடக்கிய அமெரிக்கர் தங்கள் சென்டரில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும், சுவரெல்லாம் அவர் படம்தான். மல்காஸ் வாங்குவதைப்போல மூன்று மடங்கு சம்பளம். ஒரே நிபந்தனை, ஊர்ப் பெயரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

மல்காஸின் மல்யுத்தக் கூடம் மூடுகிற நிலையில் இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கூடத்தை மூடினால் விசா போகும், சீனாவை விட்டே கிளம்ப வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"வாங்கிக்கோ, மல்காஸ்," என்றேன் நான். "பேருதானே. வயிறு நிறையட்டும்."

"உன்னை யாராவது பாகிஸ்தான்காரின்னு சொன்னா நீ பேசாம இருப்பியா?"

போன வருடம் அப்படிச் சொன்ன டாக்ஸிக்காரனோடு நான் நடுரோட்டில் இறங்கிச் சண்டை போட்டவள்.

"எங்க நாடு சின்னதுடீ," என்றான். "பெரியவனெல்லாம் அவனவன் பேரை எங்க மேல ஒட்டிட்டுப் போனான். ஒரு தடவை, ஒரே தடவை, நல்ல காரியத்துக்கு எங்க பேரு வரணும். மேடையில நானே சொல்றேன்."

விழா ஞாயிறன்று காலை, அதே சந்தையில். அதற்குள் 'கெலூஜீயா' என்று சரியாகச் சொல்ல அவனுக்குப் பழக்கினேன். அவன் வாயில் சீனம் படுகிற பாடு அந்த எருமைகூடப் பட்டிருக்காது. குரலை ஏற்ற வேண்டிய இடத்தில் இறக்குவான், இறக்க வேண்டிய இடத்தில் உறுமுவான்.

சிவப்புத் துணிப் பதாகையில் 'அமெரிக்க வீரருக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் வீடியோ திரும்பத் திரும்ப ஓடியது. எருமையையும் மாலை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஷென்.

நிகழ்ச்சி நடத்திய பெண் மைக்கை நீட்டினாள். மல்காஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சீனத்தில் சொன்னான், "நான் அமெரிக்கன் இல்ல. நான் கெலூஜீயாக்காரன்."

அவன் சொன்ன லட்சணத்தில் அது எந்த ஊர் என்று கடவுளுக்கே புரிந்திருக்காது. அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். "ஐயாவுக்கு நம்ம மொழி இன்னும் பழகல. ஸுவோஜீயா! அமெரிக்கா! எல்லாரும் கை தட்டுங்க!" கூட்டம் தட்டியது. அவன் மறுபடியும் சொன்னான், இன்னும் சத்தமாக, இன்னும் தப்பாக. கைதட்டல் கூடியதே தவிரப் பெயர் யார் காதிலும் ஏறவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்கள். கொம்புக்கு அஞ்சாத அந்த உடம்பு சுருங்கிப்போய் நின்றது. அந்தக் கோலத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது கால்வின் மேடை ஏறினான். கையில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு.

"அக்கா, அந்த மைக்கைக் கொஞ்சம் குடுங்க," என்றான், சுத்தமான சீனத்தில். "ஸுவோஜீயாக்காரனுக்குத்தானே கை தட்டுனீங்க? அந்த ஆளு நான்தான். அமெரிக்கா, பொறந்ததும் அங்க, வளந்ததும் அங்க." கோட்டை மாட்டிக்கொண்டு திரையைக் காட்டினான். "அந்த முட்டைக்கோஸ் மேல உக்காந்திருக்கேன் பாருங்க."

சந்தையே சிரிப்பில் வெடித்தது. மீன் கடைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஷென் முகம் அந்த முட்டைக்கோஸ் நிறத்துக்குப் போனது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கால்வின் அங்கேயே நின்றான், முகத்தை மூடிக்கொள்ளவில்லை. முன்வரிசையில் அவனுடைய மாணவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் இருந்தார்கள்.

"எருமையைப் பாத்ததும் ஸுவோஜீயாக்காரன் என்ன பண்ணுவான்னு பாத்துட்டீங்க," என்றான். "கொம்பைப் பிடிச்சவன் வேற நாட்டுக்காரன். அவன் நாடு கெலூஜீயா. கெ-லூ-ஜீ-யா. அது அவங்க ஏர்ப் பாட்டு. என் பயத்தை எடுத்துக்கோங்க, அவன் நாட்டை அவனுக்குக் குடுத்துடுங்க."

"கெலூஜீயா!" என்று எஃபுவா ஆரம்பித்தாள், அவள் தொண்டைக்கு மைக் தேவையில்லை. ஃபாங் அக்கா சேர்ந்தாள். அப்புறம் சந்தை முழுக்கச் சொன்னது. மல்காஸ் மைக்கை வாங்கி, "சகார்த்வேலோ," என்றான். "எங்க பாஷையில எங்க நாட்டுப் பேரு." கூட்டம் அதையும் சொல்லிப் பார்த்தது, கண்டபடி உடைத்தது. அவன் திருத்தவில்லை. எருமைக்காரர் கையைத் தூக்கி, பாடு என்றார். அவன் பாடினான். எருமை காதை ஆட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். யார் நாட்டுக்கு யார் அழுவது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் தலைப்பு வந்தது. 'கெலூஜீயாக்காரர் எருமையை அடக்கினார், ஸுவோஜீயாக்காரர் முட்டைக்கோஸை அடக்கினார்.'

ஷென் மல்காஸுக்குத் தருவதாகச் சொன்ன வேலை காற்றில் போனது. ஆனால் கால்வினை அவரால் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை, பிள்ளைகள் கரும்பலகை நிறைய முட்டைக்கோஸ் வரைந்து வைத்து அவனுக்காகக் காத்திருக்கிறார்களாம். மல்யுத்தக் கூடத்துக்குப் புதிதாகச் சிலர் வந்திருக்கிறார்கள். அது பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போட்டி நடக்கவில்லை. ஃபாங் அக்கா வேண்டுமென்றே முட்டைக்கோஸ் வைத்த கொழுக்கட்டை கொண்டுவந்தாள். கடைசித் துண்டு மல்காஸுக்கென்று முடிவாகியிருந்தது. அவன் அதை எடுத்துக் கால்வின் கிண்ணத்தில் வைத்துவிட்டு, குடிக்கும் முன் நாலு வார்த்தை பேசுகிற அவர்கள் ஊர் வழக்கப்படி கோப்பையோடு எழுந்து நின்றான்.

"எங்க ஜார்ஜியாவுல தைரியசாலிக்குப் பஞ்சமே இல்ல," என்றான். "அந்த ஜார்ஜியாவுலயும் ஒருத்தன் இருக்கான்னு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது."

கால்வின் குனிந்துகொண்டான்.

"அழாமத் தின்னுடா, முட்டைக்கோஸு," என்றாள் எஃபுவா.