தரைக்கு ஆதாரம்

கும்மிடிப்பூண்டியில் ராபின் வேலை பார்க்கும் இரும்பு ஆலையில் ஒரு விதி உண்டு. ஷிப்ட் முடிந்ததும் தரையைப் பெருக்கி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பெருக்க மறந்தால் மன்னிப்பு உண்டு; போட்டோவை மறந்தால் கிடையாது.

எடுத்த படமெல்லாம் தானாக ஏறி ஏறி ராபினின் கிளவுட் நிரம்பிவிட்டது. இடம் வேண்டுமானால் சந்தா கட்டு என்றது போன். மனைவி ஏஞ்சலின் அதைத் திறந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, எல்லாம் தரையா கீது. என் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. நீ கட்டிக்கினது என்னையா, தரையையா?"

ராபின் எல்லாத் தரைகளையும் அழித்தான். பைசா செலவில்லாமல் இடம் கிடைத்தது.

மறுநாள் ஆலையின் சுத்தத்தைச் சோதிக்க ஆடிட்டர் வந்தார். மேலாளர் நரசிம்மன் ராபினிடம் ஓடிவந்தார்.

"பழைய தரை போட்டோ எல்லாம் அனுப்புப்பா. கம்பெனி கிளவுட் ரொம்பிடுச்சுன்னு குரூப்ல வந்ததையெல்லாம் நாங்க அழிச்சிட்டோம். அதுக்குப் போய் யாரு டப்பு கட்டுறது?"

"நானும் அழிச்சிட்டேன் சார். ஆடிட்டர் தரை மேலதான நின்னுக்கினு கீறாரு. குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க."

"அவரு குனியாம இருக்கத்தாம்பா போட்டோவே கேக்குறேன்."