மூன்றாவது இழுப்பு

லக்தருக்கு எப்படியாவது எல்லை தாண்டிச் சொந்த ஊர் அன்னாபா போய்ச் சேர்ந்தால் போதும். வெள்ளிக்கிழமை அங்கே குருவிப் பாட்டுப் போட்டி. அதில் மச்சான் ரபாஹின் குருவி தோற்க வேண்டும். ஐந்து வருஷமாகக் காப்பிக்கடையில் அந்த ஆள் அடிக்கிற பீற்றல் அடங்க வேண்டும். அதற்காகவே துனிஸில் மக்னீன் என்கிற பாட்டுக் குருவி ஒன்றை வாங்கி, கூண்டைக் கறுப்புத் துணியால் மூடி, கார் டிக்கியில் குஸ்குஸ் ரவை மூட்டைகளுக்கு நடுவே செருகியிருந்தான். கண்ட குருவியின் பாட்டைக் கேட்டுக் கெட்டுப்போகும் என்று வாங்கும்போதுகூடத் துணியை விலக்கவில்லை. பாட்டு சுத்தமாக இருக்கும் என்று விற்றவன் சத்தியம் செய்தான், இவன் நம்பினான். மக்னீனை எல்லை தாண்டிக் கொண்டுவரத் தடை. மாட்டினால் குருவியும் போச்சு, வெள்ளிக்கிழமையும் போச்சு.

எல்லையில் சுங்க அதிகாரி பூஅலாம் டிக்கியைத் திறந்தார். மூட்டைகளைப் பார்த்தார். லக்தரின் சட்டையில் ஒட்டியிருந்த, குருவிக்குப் போடுகிற தினையின் உமியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், உதட்டைக் குவித்து மக்னீன் பாட்டை விசிலடித்தார்.

குருவி மூச்சுக் காட்டவில்லை. என் தங்கமே என்று லக்தர் மனசுக்குள் கொஞ்சினான். ஆனால் அந்த விசில் இருக்கிறதே, கண்றாவி! மூன்றாவது இழுப்பை நீட்ட வேண்டிய இடத்தில் மனுஷன் வெட்டிவிட்டு, கடைசியில் ‘ட்ரிக்’ என்று ஒரு ஒட்டு வேறு போட்டார். ஒருமுறை பொறுத்தான். இரண்டாம் முறை பல்லைக் கடித்தான். மூன்றாம் முறை முடியவில்லை.

"ஐயோ, நிறுத்துங்க சார்! காது புண்ணாகுது. அந்த இழுப்ப இப்படி நீட்டணும்!" என்று விசிலடித்தே காட்டினான்.

பூஅலாமின் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "வாங்கண்ணே. காலையிலேர்ந்து இந்த விசில்ல மாட்டுனதுல நீங்க நாலாவது ஆளு. கூண்ட நீங்க எடுக்குறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

பாழாய்ப்போன வாய்! லக்தர் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் ரோஷம் விடவில்லை. "எடுக்குறேன். ஆனா நீங்க அடிச்சது தப்பு சார்."

"எங்க ஊர்ல இதாண்ணே பாட்டு."

"எந்தக் கழுதை சொல்லிக் குடுத்துச்சு? குருவியையே கேப்போம் வாங்க!"

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் இறங்கிவந்து கட்சி கட்டினார்கள். துணி விலகியது. வெளிச்சம் பட்டதும் குருவி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு பாடியது. மூன்றாவது இழுப்பை வெட்டியது. கடைசியில் ‘ட்ரிக்’.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லக்தருக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது. இது ரபாஹ் காதுக்கு எட்டினால் ஆயுசுக்கும் பீற்றுவானே! பூஅலாம் படிவத்தை எடுத்தார். "பறவை உங்களுதுதானே?"

"சார், அபராதம் போடுங்க, உள்ள தள்ளுங்க, எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்." லக்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "குருவி ஊமைன்னு மட்டும் எழுதிக்குங்க."