எட்டு நாளைக்கு எண்ணெய் ஆகாது

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நாகஜோதி கெட்டது காலேஜில் படித்த வேதியியலால்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, மதுரை ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டியூப் முறையில் தங்கிய கரு அது. அது நிலைக்கத் தினமும் ஒரு ஹார்மோன் ஊசி. எம்.ரெட்டியபட்டியில் நர்ஸ் ஜெகதீஸ்வரிதான் போட்டுவிடுவாள். மருந்து பிசுபிசுவென்று கெட்டியாக இருக்கும். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, தடித்த ஊசியால் இடுப்புக்குக் கீழே இறக்குவாள். குத்திய இடமெல்லாம் கட்டி கட்டியாக நின்றது. நாகஜோதி ஒருக்களித்தே உட்காரப் பழகிவிட்டாள்.

"அப்படி என்னத்தத்தான் ஏத்துறாளுக?" என்று மாமியார் கருத்தம்மாள் ஒருநாள் கேட்டாள். பட்டம் வாங்கிய வாய் சும்மா இருக்குமா?

"அந்த மருந்து தண்ணியில கரையாது அத்தை. அதான் நல்லெண்ணெயில கரைச்சு வச்சிருக்காக. எண்ணெய் சதைக்குள்ள தங்கி, மருந்தை மெல்ல மெல்ல விடும்."

"ஆத்தீ!" என்று ஆச்சரியப்பட்டாள் கருத்தம்மாள். பேச்சு அதோடு போயிற்று என்றுதான் நாகஜோதி நினைத்தாள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கருத்தம்மாள் காப்புக் கட்டினாள். பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்த்திக்கடன். காப்புக் கட்டிய வீட்டில் எட்டு நாளைக்குத் தாளிப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. அன்று சாயங்காலம் ஊசி போடக் கிளம்பிய மருமகளை வாசலில் மறித்தாள்.

"எண்ணெய் ஆகாதுத்தா. தேய்ச்சாலே குத்தம், நீ உடம்புக்குள்ளயே ஏத்துறயே! எட்டு நாளு பொறு. ஆத்தா பாத்துக்கிருவா."

"ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாக, அத்தை."

"உன் பிள்ளைக்காகத்தானடி நான் தீயத் தூக்கப் போறேன்?"

நாகஜோதி புருஷனைப் பார்த்தாள். "ஒரு வாரந்தான, அம்மா மனசை ஏன் நோகடிக்கணும்?" என்றான் பாண்டிராஜ். அவன் மேல் பாளையம்பட்டிக் கடை புரோட்டா மணந்தது. ஆம்பிளை வெளியில் தின்னும் எண்ணெய் அம்மன் கண்ணில் படாது போலிருக்கிறது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. தெரியாமல் போய்ப் போட்டுக்கொண்டு வரலாம்தான். ஆனால் நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், சாமிக்குத்தம் என்று ஆயுசுக்கும் தன்னையல்லவா சொல்வார்கள்? அந்தப் பயம் காலைக் கட்டிப்போட்டது.

எட்டாம் நாள் கருத்தம்மாள் தீச்சட்டியோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கையில் நாகஜோதிக்கு உதிரம் பட்டது. மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஊசிய நிறுத்துனதாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்மா. ஆனா நிறுத்தியிருக்கக் கூடாது" என்றாள் டாக்டர்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, கருத்தம்மாள் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தீச்சட்டி தாங்கிய உள்ளங்கைகள் கொப்புளித்திருந்தன. அழுதழுது கண்களும் வீங்கியிருந்தன. அவளை வெறுக்கக்கூட வழியில்லையே என்று நாகஜோதிக்கு நெஞ்சு எரிந்தது.

"ரத்தம் போன உடம்பு, சூடேறிக் கிடக்கும். நல்லெண்ணெய் காய்ச்சியாந்திருக்கேன். தலைக்குத் தேய்ச்சுக் குளி தாயி."

"இப்ப எண்ணெய் ஆகுமா, அத்தை?"

"அதான் காப்பு அவுத்தாச்சுல்ல" என்று சொல்லி, கருத்தம்மாள் அவள் உச்சியில் எண்ணெயை வைத்தாள்.