முதுகுக் கண்காட்சி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: சென்ற ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், மனித குலம் தன் முதுகை முதன்முறையாகக் கண்டுகொண்டது. உதவியவர் கலைஞர் நவநீதகிருஷ்ணன்.

அவர் மனிதர்களைப் பின்னாலிருந்து மட்டுமே படம் எடுப்பார். முகம் பொய் சொல்லும், முதுகு சொல்லாது என்பது கொள்கை. முன்னாலிருந்து எடுத்தால் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதைக் கொள்கையில் சேர்ப்பதில்லை. கடையில் அச்சிடவும் மாட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய முறைப்படி முட்டையின் வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து, தாளில் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, மேலே நெகட்டிவை வைத்து மொட்டைமாடி வெயிலில் காட்டுவார். மஞ்சள் கருவை என்ன செய்வது என்று வரலாறு சொல்லாததால், அவர் மனைவி இரண்டு மாதமாக அவரோடு பேசுவதில்லை.

முட்டை கொடுத்தவர் மோகனூர்ப் பக்கம் முப்பதாயிரம் கோழி வைத்திருக்கும் சௌந்திரம். விற்க முடியாத கீறல் முட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். கோழிக் கொட்டகைக்குள் போகும்போது சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொள்வது அங்கே வழக்கம்; எச்சத்துக்கு நல்ல துணி எதற்கு? முதுகில் கிழிந்த அந்தச் சட்டையைப் பார்த்ததும் கலைஞருக்குக் கண் கலங்கியிருக்கிறது. கேட்காமல் எடுத்துவிட்டார். கண்காட்சி அழைப்பிதழிலும் அதே படம். தலைப்பு: ‘வறுமையின் முதுகு’.

அழைப்பிதழ் வாட்ஸப்பில் சுற்றிச் சௌந்திரத்தின் நாத்தனாரிடம் போய்ச் சேர்ந்தது. சட்டையை அடையாளம் கண்டுகொண்ட நாத்தனார், இத்தனை கோழி இருந்தும் கட்டத் துணியில்லையாமே என்று சொந்தபந்தம் முழுக்கக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். ஆகவே சௌந்திரம் ஞாயிறன்று பட்டுச்சேலையில் வந்து இறங்கி, படத்தைக் கழற்றச் சொன்னார்.

“அது நீங்க இல்லைம்மா. முகமே இல்லையே. அது மானுடம்” என்றார் கலைஞர்.

“மானுடத்துக்கு எங்க ஊட்டுக்காரர் சட்டையை ஏனுங்க மாட்டி உட்டீங்க? என்ர முதுகை நானே பார்த்ததில்லை. ஊரு பார்த்துப்போட்டுச் சிரிக்குது.”

மூன்று மாத உழைப்பு, சிறப்பு விருந்தினர் படியேறிக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் சொன்ன கலைஞர், கடைசியில் மனதில் இருந்ததையும் சொன்னார்.

“கலை புரியாதவங்க முட்டையோட நிறுத்திக்கணும்.”

சௌந்திரம் படத்தை எடுத்து, திருப்பி, அதே ஆணியில் மாட்டினார்.

“பின்னாடியிருந்து எடுத்த படந்தானுங்களே. சனம் பின்னாடியே பார்த்துக்கட்டும்.”

கலைஞர் கையை நீட்டுவதற்குள் விருந்தினர் உள்ளே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். மற்ற முதுகுகளை நடந்தபடியே பார்த்தவர், திருப்பி மாட்டியதன் முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார். முதுகுக்கும் ஒரு முதுகு உண்டு என்று சொல்ல இதுவரை எந்தக் கலைஞனும் துணியவில்லை என்று தழுதழுத்தார். கைதட்டினார்கள். கலைஞர் நீட்டிய கையை மெல்ல மடக்கி, மற்றக் கையோடு சேர்த்துக் கும்பிட்டார். இனி அவரே அதைத் திருப்ப மாட்டார் என்று தெரிந்ததும் சௌந்திரம் படியிறங்கிப் போனார்.

படத்தின் பின்பக்க அட்டை, மிக்ஸி வந்த பெட்டியிலிருந்து வெட்டியது.