அவர் மறைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மீசையை முறுக்கிவிடாமல் வண்டியில் ஏற மாட்டார். அந்த மனுஷனுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, அதை அடக்கப் பெண் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மார்பு லேசாகப் புடைத்ததும் தொளதொளச் சட்டைக்கு மாறிவிட்டார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். நோயைவிட அந்த மாத்திரைதான் அவருக்கு மானக்கேடு.

போன வாரம் இடது கெண்டைக்கால் வீங்கியது. "டாக்டர்கிட்ட போகலாங்க" என்றேன்.

"கிளட்ச் மிதிக்கிற காலுடி, அப்படித்தான் இருக்கும். நீ சும்மா இரு" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இன்று காலை மாடிப்படி ஏறியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. மருமகன்தான் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவர் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். "பிரஷருக்கு மட்டுந்தாம்மா."

உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்திலும் வீறாப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிடப் பயம்.

"பொய் சொல்றாரும்மா. புராஸ்டேட் கேன்சருக்குப் பொம்பளை ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறாரு. காலும் வீங்கியிருக்கு, பேன்ட்டைத் தூக்கிப் பாருங்க."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். காலைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. நர்ஸிடம் ஊசி கேட்டுக்கொண்டே என்னிடம் பேசினார்.

"அந்த மாத்திரை முழுங்கினதும் முதல்ல கல்லீரலுக்குத்தான் போகும். ரத்தத்தை உறைய வைக்கிற புரதத்தைக் கல்லீரல் ஏகத்துக்கும் செய்ய ஆரம்பிச்சிடும். உறையாம தடுக்கிற புரதம் குறைஞ்சிடும். கால்ல கட்டின ரத்தம் பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கும்னு சந்தேகப்படுறேன். கால் வீங்கினப்பவே வந்திருக்கணும்மா."

"பொழைச்சுக்குவாரா?"

"ஸ்கேன் எடுத்துட்டுச் சொல்றேன்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். நானும் கூடவே ஓடினேன். எல்லார் எதிரிலும் போட்டு உடைத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினாலும் தேவலை என்றிருந்தது. அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்தார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அன்னைக்கே ஏன்டி யார்கிட்டயாவது சொல்லல?" என்றார்.

நீங்கதானே சத்தியம் வாங்கினீங்க என்று வாய் வரை வந்தது. அதற்குள் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.